ஒரு பெட்டியைத் தேடவா, ஊர் முழுக்க எண்ணவா? – நோஎஸ்க்யூஎல், பிக் டேட்டா அறிவோம்

தீபாவளிக்குப் பட்டாசு வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? பசுமைப் பட்டாசு என்றால் பச்சை நிற இலச்சினையும் பக்கத்திலேயே ஒரு க்யூஆர் குறியீடும் இருக்கும். மாசு குறைந்த பட்டாசுகளை மட்டுமே விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ல் உத்தரவிட்டது. அதன் பிறகு, நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது நீரி, பசுமைப் பட்டாசுக்கான கலவைகளை உருவாக்கியது. போலிகளைத் தடுக்க இந்த இலச்சினையும் க்யூஆர் குறியீடும் 2019 அக்டோபரில் அறிமுகமாயின.

இப்படி ஒரு குறியீட்டை வைத்து இரண்டு விதமான கேள்வி கேட்கலாம்.

முதல் கேள்வி உங்களுடையது: "என் கையில் இருக்கும் இந்தப் பெட்டி அசல்தானா?" கடையில் நின்றுகொண்டே கேட்கிறீர்கள். பதில் ஒரு நொடியில் வர வேண்டும்.

இரண்டாவது கேள்வி, ஒரு நிறுவனமோ அதிகாரியோ கேட்பது: "இந்த சீசனில் எந்த மாவட்டத்தில் போலிக் குறியீடு அதிகம்? போன வருஷத்தைவிடக் கூடியிருக்கிறதா?" இதற்கு லட்சக்கணக்கான ஸ்கேன் பதிவுகளை ஒன்றாகக் கொட்டி எண்ணிப் பார்க்க வேண்டும். பதில் நாளை காலை வந்தாலும் பரவாயில்லை.

முதல் கேள்விக்கு உதவுவது நோஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளம். இரண்டாவதற்கு உதவுவது பிக் டேட்டா தளம். சின்னச் சின்னத் தொழில் நடத்துபவர்களிடம்கூட இன்று இந்த இரண்டு பெயர்களையும் சொல்லி மென்பொருள் விற்க வருகிறார்கள். வாங்குவதற்கு முன் என்ன ஏது என்று தெரிந்துகொள்வோமா?

பேரேட்டில் இருந்து தொடங்குவோம்

விருதுநகர் வியாபாரத்துக்குப் பெயர் போன ஊர். எண்ணெய், பருப்பு, மல்லி, வத்தல் என்று விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு விலை பேசும் கடைக்காரர்கள் தமிழகம் முழுக்க உண்டு. அந்தக் கடைகளின் கணக்கு பேரேட்டில் இருந்தது. தேதி, பெயர், சரக்கு, எடை, தொகை என்று கட்டம் போட்ட பக்கங்கள். ஒவ்வொரு வரியிலும் அதே கட்டங்கள்தான்.

இதையே கணினியில் செய்தால் அதற்குப் பெயர் உறவுசார் தரவுத்தளம். இந்த முறையை 1970-ல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்ற கணிதவியலாளர் முன்வைத்தார். இதனோடு பேசும் மொழிதான் எஸ்க்யூஎல். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் எல்லாம் இந்த வகை. கட்டம் மாறாது, கணக்கு தப்பாது என்பதே இதன் பலம். இன்றும் பெரும்பாலான வியாபாரக் கணக்குகளுக்கு இது தாராளமாகப் போதும்.

கட்டத்துக்குள் அடங்காத ஆர்டர்

சரி, கட்டம் மாறினால்? சிவகாசிக்குப் பட்டாசு ஒரு முகம் என்றால், அச்சுத் தொழில் இன்னொரு முகம். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது இங்கே வழக்கம். அதன் பிறகு ஆர்டர்கள் வரத் தொடங்கும்.

ஒரு நகைக்கடைக்கு ஆறு தாள் மாதக் காலண்டர். கடையின் படம், இரண்டு கிளைகளின் முகவரி வேண்டும். இன்னொருவருக்கு தினசரி காலண்டர். அட்டையில் சாமி படம் போதும். மூன்றாமவர் டைரி கேட்கிறார். மேலுறையில் தங்க எழுத்து. இதை ஒரே மாதிரிக் கட்டத்தில் எழுதினால் பாதிக் கட்டம் காலியாகக் கிடக்கும். புது வகை ஆர்டர் வரும்போதெல்லாம் புதுக் கட்டமும் சேர்க்க வேண்டும்.

இங்கேதான் நோஎஸ்க்யூஎல் கைகொடுக்கிறது. ஆர்டருக்கு ஒரு உறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆர்டருக்குத் தேவையானதை மட்டும் அந்த உறைக்குள் போடலாம். இந்தச் சொல் இன்றைய பொருளில் பரவியது 2009-ல். 'எஸ்க்யூஎல் மட்டுமே அல்ல' என்றும் இதற்கு விளக்கம் சொல்வார்கள். இதில் நான்கு வகைகள் உண்டு:

• சாவி–மதிப்பு வகை: டோக்கன் எண்ணைக் கொடுத்தால் செருப்பை எடுத்துத் தருவது போல. குறியீட்டைக் கொடுத்தால் அதற்கான விவரம் உடனே வரும். உதாரணம் ரெடிஸ்.

• ஆவண வகை: மேலே சொன்ன உறை முறை. உதாரணம் மோங்கோடிபி. 2009-ல் வெளியானது.

• அகல நெடுவரிசை வகை: வேகமாக, இடைவிடாமல் வந்து விழும் பதிவுகளைப் பல கணினிகளில் பிரித்து வைப்பது. உதாரணம் கசாண்ட்ரா. ஃபேஸ்புக்கில் இன்பாக்ஸ் தேடலுக்காக உருவாகி 2008-ல் பொதுவெளிக்கு வந்தது.

• வலைப்பின்னல் வகை: யாருக்கும் யாருக்கும் தொடர்பு என்பதைச் சேமிப்பது. உதாரணம் நியோ4ஜே. ஒரே வங்கிக் கணக்கு எண், வேறு வேறு பெயரில் உள்ள பத்து விளம்பரங்களில் வருகிறதா என்று பிடிக்க இது ஏற்றது.

நான்காவது வகையைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை. பட்டாசை இணையதளங்கள் வழியாக விற்கக் கூடாது என்பதும் அதே 2018 உத்தரவில் இருக்கிறது. சமூக ஊடகத்தில் 'பாதி விலையில் சிவகாசிப் பட்டாசு' என்று விளம்பரம் வந்தால் முன்பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

யானை பலம்

பிக் டேட்டா தளம் வேறு ரகம். கூகுள் நிறுவனம் தன் கோப்பு முறை பற்றி 2003-லும், மேப்ரெட்யூஸ் என்ற கணக்கீட்டு முறை பற்றி 2004-லும் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டது. அவற்றின் அடிப்படையில் 2006-ல் உருவானது ஹடூப். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டக் கட்டிங், தன் மகன் வைத்திருந்த பொம்மை யானையின் பெயரையே அதற்கு வைத்தார்.

இதன் வேலை முறை நமக்குப் புதிதல்ல. தேர்தல் வாக்கு எண்ணிக்கையை நினைத்துப் பாருங்கள். எல்லா வாக்குகளையும் ஒரே மேசையில் எண்ணுவதில்லை. பல மேசைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு மேசையும் தன் பங்கை எண்ணி, கடைசியில் கூட்டிக்கொள்கிறார்கள். ஹடூப்பும் இப்படித்தான் வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. பின்னால் வந்த ஸ்பார்க், இதே வேலையைக் கணினியின் நினைவகத்திலேயே வைத்துச் செய்வதால் வேகம் கூடியது. இன்று சொந்தமாகக் கணினிகள் வாங்காமல், பயன்படுத்திய அளவுக்கு மட்டும் பணம் கட்டும் மேகக் கணிமைச் சேவைகளும் இருக்கின்றன.

ஆனால் ஒரு பெட்டியைப் பற்றி மட்டும் கேட்க இது ஏற்றதல்ல. ஒரு வாக்காளர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க எண்ணிக்கை மையத்தையே கூட்டுவது போல ஆகிவிடும்.

இரண்டும் ஒரே வீட்டில்

"அப்போ ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்கணுமா?" என்று கேட்கிறீர்களா? இல்லை. இதற்கு நம் எல்லோர் பையிலும் இருக்கும் ஆதார் அட்டையே சாட்சி.

முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிராவின் தெம்ப்லி கிராமத்தில் வழங்கப்பட்டது. கோடிக்கணக்கான பதிவுகளைக் கையாள அந்தத் திட்டம் ஒரே மென்பொருளை நம்பி இருக்கவில்லை. பதிவு மையத்தில் இருந்து வந்த தரவுகளைச் சேமிக்க ஹடூப்பும் அதன் மேல் இயங்கும் எச்பேஸும், தனிநபர் விவர ஆவணங்களுக்கு மோங்கோடிபியும், எண் வழங்கப்பட்ட பதிவுகளுக்கும் பதிவின் நிலையைத் தெரிந்துகொள்ளவும் மைஎஸ்க்யூஎல்லும் அதன் கட்டமைப்பில் இடம்பெற்றன. கேள்விக்கு ஏற்ற கருவி என்பதுதான் இதில் உள்ள பாடம். இதில் எச்பேஸ் என்பதே ஒரு நோஎஸ்க்யூஎல் தரவுத்தளம்தான். ஆக, இரண்டுக்கும் நடுவே சுவர் ஒன்றும் இல்லை.

உங்கள் டேட்டா எவ்வளவு பெரிசு? கணக்குப் போடுங்கள்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். உங்கள் தொழிலுக்கு இவை வேண்டுமா?

ஒரு நிறுவனத்தில் தினமும் 200 பில் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 60,000 பில். ஒரு பில்லுக்கு 5 கிலோபைட் என்றாலும் ஆண்டுக்கு மொத்தம் 300 மெகாபைட். பத்து ஆண்டுக்கு 3 ஜிகாபைட். உங்கள் கைபேசியில் இருக்கும் கல்யாண வீடியோக்கள் இதைவிட அதிக இடம் பிடித்திருக்கும்! இதற்குப் பிக் டேட்டா எதற்கு?

மார்க்கெட் விலைப் பட்டியலையும் பாருங்கள். வாரம் 50 பொருளின் விலையை 50 ஆண்டுக்குச் சேர்த்தாலும் 1,30,000 வரிகள்தான். ஒரே எக்செல் தாளில் 10,48,576 வரிகள் எழுதலாம். அரை நூற்றாண்டு வரலாறு, ஒரு தாளில் எட்டில் ஒரு பங்குக்குள் முடிந்துவிட்டது.

பிறகு எப்போதுதான் டேட்டா பெரிதாகும்? மனிதர் தட்டச்சு செய்வதை விட்டு, கருவிகள் எழுதத் தொடங்கும்போது. 100 அறைகள் கொண்ட ஒரு ஆலையில், அறைக்கு ஒரு வெப்பநிலை உணரி வைத்து நொடிக்கு ஒருமுறை பதிவு செய்தால், ஒரு நாளைக்கு 86,40,000 பதிவுகள். ஆண்டுக்கு 315 கோடி. இது பிக் டேட்டா தளம் கேட்கும் அளவு. அதையே நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்தால் நாளைக்கு 1,44,000. ஆண்டுக்கு சுமார் 5 கோடியே 25 லட்சம். இதைச் சாதாரணத் தரவுத்தளமே சமாளிக்கும். நொடிக்கு ஒருமுறை உண்மையிலேயே தேவையா என்று முதலில் கேட்டால் பெரிய செலவு மிச்சம். ஒன்று கவனம்: வெடிமருந்து இருக்கும் இடத்தில் எந்த மின்கருவியையும் நம் இஷ்டத்துக்கு மாட்ட முடியாது. பெசோ எனப்படும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் விதிமுறைக்கு உட்பட்டே எதையும் செய்ய வேண்டும்.

கிடங்கில் 'அப்புறம் சரியாயிடும்' கூடாது

அளவு மட்டும் பார்த்தால் போதாது. தப்பு நடந்தால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும்.

பல நோஎஸ்க்யூஎல் தரவுத்தளங்கள் ஒரே தகவலுக்குப் பல நகல்களை வெவ்வேறு கணினிகளில் வைக்கின்றன. ஒரு நகலில் எழுதியது மற்ற நகல்களுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் ஆகலாம். கடைசியில் எல்லாம் ஒத்துப்போகும். அமேசான் 2007-ல் வெளியிட்ட டைனமோ கட்டுரையின் கருத்தே இதுதான்: வாடிக்கையாளர் கூடையில் பொருள் போடும்போது எந்தக் காரணத்துக்காகவும் மறுக்கக் கூடாது, முரண்பாடு இருந்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம். கூடையில் ஒரு பொருள் இரண்டு முறை தெரிந்தால் யாருக்கும் ஆபத்தில்லை.

இதையே வெடிமருந்துக் கிடங்குக்குக் கொண்டுவருவோம். உரிம வரம்பு 500 கிலோ, உள்ளே இருப்பது 460 கிலோ என்று ஒரு உதாரணம். இரண்டு வாசல்களில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கு 30 கிலோ பதிகிறார்கள். இருவரின் திரையிலும் 460 என்றே காட்டுகிறது. இருவருக்கும் 490 என்று கணக்கு சரியாக வருகிறது. இருவரும் உள்ளே அனுப்புகிறார்கள். உள்ளே இப்போது 520 கிலோ! கணினிக்குள் கணக்கு 'அப்புறம் சரியாகிவிடும்'. சரக்கு ஏற்கெனவே உள்ளே போய்விட்டதே!

அதனால் உரிம வரம்பு, வெடிமருந்து இருப்பு, பணம் ஆகிய மூன்றுக்கும் ஒரு பதிவு முழுமையாக முடிந்த பிறகே அடுத்த பதிவை அனுமதிக்கும் தரவுத்தளம் வேண்டும். உறவுசார் தரவுத்தளங்களுக்கு இது இயல்பான குணம். நோஎஸ்க்யூஎல்லிலும் இந்த வசதி வந்துகொண்டிருக்கிறது. மோங்கோடிபி 2018-ல் பல ஆவணங்களுக்கு ஒருசேர இதைக் கொண்டுவந்தது. விற்பவரிடம் "உங்க மென்பொருள்ல இது இருக்கா?" என்று கேட்டு, மேலே சொன்ன இரண்டு வாசல் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

பதிவேட்டில் ஏறாததை எந்த யானையும் தேடித் தராது

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் இந்தப் பகுதி எத்தனையோ விபத்துகளைப் பார்த்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஆலை வாசலில் நிற்கும் குடும்பங்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: "உள்ளே யார் யார் இருந்தாங்க?" தீயணைப்பு வீரர்களுக்கும் அதே கேள்விதான். அடுத்து விசாரணையில் கேட்பது: எந்த அறையில் எத்தனை பேர்? எவ்வளவு மருந்து?

இந்தக் கேள்விகளுக்குப் பிக் டேட்டா வேண்டாம். நோஎஸ்க்யூஎல்லும் வேண்டாம். காலையில் வேனில் இருந்து இறங்கியவர்களின் பெயர், அவர்கள் போன அறையின் எண், அந்த அறைக்குக் கொடுத்த மருந்தின் எடை ஆகியவற்றை அன்றன்றைக்கு, உள்ளபடி எழுதிய ஒரு பதிவேடு போதும். அதன் ஒரு நகல் ஆலைக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே மட்டும் இருக்கும் பதிவேடு, தேவைப்படும் நேரத்தில் நெருப்போடு போய்விடும். மேகக் கணிமையால் இந்தப் பகுதிக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பயன் இந்த வெளி நகல்தான்.

நான்கு பேர் என்று எழுதிவிட்டு எட்டு பேரை உட்கார வைத்தால், அந்தப் பதிவு எவ்வளவு நவீன மென்பொருளில் இருந்தாலும் பொய்தான். பொய்யான பதிவுகளை லட்சக்கணக்கில் கூட்டினாலும் உண்மை வராது.

உண்மையான பதிவுகள் பல ஆலைகளில் இருந்து, பல ஆண்டுகளுக்குச் சேர்ந்தால், அப்போது பிக் டேட்டாவுக்கு அர்த்தம் உண்டு. எந்த வேலையின்போது, எந்த மாதத்தில், எவ்வளவு வெப்பத்தில் ஆபத்து கூடுகிறது என்று பார்க்கலாம். விருதுநகர் மாவட்டத்துக்கு இப்படி எண்களை வைத்து நடைபோடுவது புதிதும் அல்ல. நிதி ஆயோக் 2018-ல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டில் இருந்து இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும். சுகாதாரம், கல்வி, வேளாண்மை என 49 குறியீடுகளை வைத்து மாவட்டங்களின் முன்னேற்றம் அதில் அளக்கப்பட்டது.

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. என் கேள்வி எது? 'இந்த ஒன்று' பற்றியதா, 'எல்லாம் சேர்ந்து' பற்றியதா? முதலாவது என்றால் தரவுத்தளம் போதும். இரண்டாவது என்றால், டேட்டாவின் அளவைப் பார்த்துப் பிக் டேட்டா தளம்.

2. அளவு என்ன? மேலே செய்தது போல ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். எக்செல் தாளுக்குள் அடங்கினால் அவசரப்பட வேண்டாம்.

3. கட்டம் மாறுமா? ஆர்டருக்கு ஆர்டர் விவரம் மாறினால் ஆவண வகை நோஎஸ்க்யூஎல். மாறாது என்றால் உறவுசார் தரவுத்தளம்.

4. ஒரு நிமிடம் பழைய தகவலைக் காட்டினால் நஷ்டம் யாருக்கு? உயிருக்கோ பணத்துக்கோ என்றால் கறாரான தரவுத்தளம் மட்டுமே.

5. யார் பார்த்துக்கொள்வார்கள்? ஹடூப்பும் கசாண்ட்ராவும் இலவசமாகக் கிடைப்பவை. அவற்றைப் பராமரிக்கும் ஆளும் கணினியும் இலவசம் இல்லை. 'சாஃப்ட்வேர் ஃப்ரீதான் சார்' என்ற பேச்சை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

6. நாளைக்கு மாற வேண்டும் என்றால் என் டேட்டாவை எந்த வடிவில் திருப்பித் தருவீர்கள்? தொழிலாளர், வாடிக்கையாளர் விவரங்களை யார் பார்க்க முடியும்? இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் தகவலை வைத்திருப்பவருக்குப் பொறுப்பையும் சேர்த்தே கொடுக்கிறது.

இன்னொரு செய்தி. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்கள், பிற வணிகர்களுக்குச் செய்யும் விற்பனைக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் ஜிஎஸ்டி மின்-விலைப்பட்டியல் எடுக்க வேண்டும். அந்தப் பட்டியல் போவது ஜேசன் என்ற ஆவண வடிவில். ஆவண வகை நோஎஸ்க்யூஎல் தரவுத்தளங்களின் உறைக்குள் இருப்பதும் அதே போன்ற வடிவம்தான். ஆகவே இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் விஷயம் இல்லை. உங்கள் கணக்கர் தினமும் தொடும் விஷயம்தான்.

அடுத்த முறை பட்டாசுப் பெட்டியை ஸ்கேன் செய்யும்போது, அந்த ஒரு நொடிப் பதிலுக்குப் பின்னால் யாரோ ஒருவர் ஒரு விவரத்தைச் சரியாகப் பதிந்திருக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடையிலோ பட்டறையிலோ ஆலையிலோ இன்று எழுத வேண்டிய அந்த ஒரு வரியை இன்றே எழுதிவிடுங்கள். கருவியை அதற்குப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.